பாலாற்றுப் படுகையில் தோல் கழிவும் குடிநீரும்: ஒவ்வொரு குடும்பமும் அறிய வேண்டியவை

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை. தமிழக முஸ்லிம்களுக்கு இந்த ஊர்களை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தோல் தொழிலில் ஈட்டிய செல்வத்தைக் கொண்டு பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் கல்லூரிகளும் எழுப்பிய ஊர்கள் இவை. 1919-இல் தொடங்கப்பட்ட வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி, 1965-இல் மேல்விஷாரத்தில் தொடங்கப்பட்ட சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி ஆகியவற்றில் படித்து முன்னேறிய குடும்பங்கள் இன்று உலகெங்கும் இருக்கின்றன.

அதே தொழில்தான் இந்த ஊர்களின் கிணறுகளையும் கெடுத்தது. தோல் ஷாப்பை நடத்தியவர்களிலும், அதில் வேலை செய்தவர்களிலும், அதன் கழிவு கலந்த தண்ணீரைக் குடித்தவர்களிலும் நம்மவர்கள் உண்டு. ஆகவே இதை வேறு யாருடைய பிரச்சினையாகவோ பேசி ஒதுங்கிவிட நம்மால் முடியாது. என்ன நடந்தது, அது உடலை எப்படிப் பாதிக்கிறது, சட்டம் என்ன சொல்கிறது, வீட்டிலும் ஜமாஅத்திலும் என்ன செய்யலாம் என்பவற்றை இந்தக் கட்டுரை தொகுத்துத் தருகிறது.

பாலாறும் அதன் ஊற்று நீரும்

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு மொத்தம் 348 கிலோமீட்டர் ஓடுகிறது. கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டர் கடந்து, மீதமுள்ள 222 கிலோமீட்டர் தூரத்தைத் தமிழகத்தில் கடக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு, வாலாஜா, காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாகச் சென்று வயலூர் அருகே கடலில் கலக்கிறது.

ஆண்டின் பெரும்பகுதி பாலாற்றில் மேலே தண்ணீர் ஓடுவதில்லை. ஆனால் மணலுக்கு அடியில் நீர் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஆற்றுப் படுகையில் கிணறு தோண்டி அந்த ஊற்று நீரை எடுத்துத்தான் கரையோர ஊர்கள் பல தலைமுறைகளாகக் குடித்தும் பயிர் செய்தும் வந்தன. மணல் என்பது இயற்கையான வடிகட்டி. ஆனால் அது தூசியையும் கிருமிகளையும்தான் ஓரளவுக்குப் பிடித்து வைக்கும். நீரில் கரைந்துவிட்ட உப்பை அதனால் தடுக்க முடியாது.

வெள்ளம் பெருகி ஓடும் ஆற்றில் விழும் கழிவு அடித்துச் செல்லப்பட்டு நீர்த்துப்போகும். வறண்ட ஆற்றில் விழும் கழிவோ அப்படியே மணலுக்குள் இறங்கி நிலத்தடி நீரோடு சேர்கிறது. மணல் கொள்ளையால் படுகையின் மணல் குறையக் குறைய, மழைக்காலத்தில் நல்ல நீர் உள்ளிறங்கித் தேங்குவதற்கான இடமும் குறைந்தது. பாலாற்றுக்கு நேர்ந்த கேடு இவ்வளவு ஆழமாகப் பதிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

தோல் பதனிடும்போது தண்ணீருக்கு என்ன நேர்கிறது?

ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் அழுகிவிடாமல் இருக்க முதலில் உப்புப் போட்டு வைக்கப்படுகின்றன. தோல் ஷாப்புக்கு வந்ததும் அந்த உப்பு போகும்படி ஊறவைத்துக் கழுவுவார்கள். இதில் வெளியேறும் தண்ணீர் கடல் நீரைப் போலக் கரிக்கும். அடுத்து சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் சேர்த்து முடி நீக்குகிறார்கள். பிறகு சுண்ணாம்பை அகற்றி, உப்பும் அமிலமும் கலந்த நீரில் தோலைப் போடுகிறார்கள். அதன் பின்னர்தான் தோலைப் பதப்படுத்தும் முக்கிய வேலை நடக்கிறது. நிறைவாகச் சாயமும் எண்ணெயும் ஏற்றப்படுகின்றன.

உச்ச நீதிமன்றத்தின் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் பதிவான விவரப்படி, குரோம் முறையில் தோல் பதனிடச் சுமார் 170 வகை இரசாயனங்கள் பயன்படுகின்றன. ஒரு கிலோ தோலை முழுமையாக்க ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. அதாவது 1,000 கிலோ தோலுக்கு 35 ஆயிரம் லிட்டர். அதில் பெரும்பகுதி கழிவாக வெளியே வருகிறது.

இந்தக் கழிவில் நான்கு வகைப் பொருள்கள் உள்ளன. முதலாவது, தோலிலிருந்து பிரியும் கொழுப்பு, முடி, சதை போன்ற அழுகும் பொருள்கள். இரண்டாவது, சுண்ணாம்பும் சல்பைடும். மூன்றாவது, உப்புகள். நான்காவது, குரோமியம். அழுகும் பொருள்களைச் சுத்திகரிப்பு நிலையத்தில் நுண்ணுயிர்களைக் கொண்டு சிதைத்துவிடலாம். குரோமியத்தைக் கசடாகப் படியவைத்துப் பிரிக்கலாம். கரைந்த உப்பை அகற்றுவதுதான் மிகக் கடினமானது, அதிகம் செலவு பிடிப்பது. எனவே அது பல காலம் அப்படியே வெளியேறியது.

ஆவாரம் பட்டையிலிருந்து குரோமியத்துக்கு

நம் முன்னோர்கள் தோல் பதனிட்டது ஆவாரம் பட்டை, கடுக்காய் போன்ற தாவரப் பொருள்களைக் கொண்டுதான். அதிலும் கழிவு உண்டு, நாற்றம் உண்டு, உப்பும் உண்டு. ஆனால் குரோமியம் கிடையாது.

1970-களின் தொடக்கத்தில் இந்திய அரசு பச்சைத் தோலும் பாதி பதனிட்ட தோலும் ஏற்றுமதியாவதைக் கட்டுப்படுத்தி, முழுமையாக்கிய தோலையும் தோல் பொருள்களையும் ஏற்றுமதி செய்ய ஊக்கம் அளித்தது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி சேர்ந்தது, ஊர்களில் வேலைவாய்ப்பு பெருகியது. கூடவே குரோம் முறையும் பரவியது. இந்த முறையில் வேலை விரைவில் முடிகிறது, தோலும் மென்மையாக வருகிறது. ஆனால் போடப்படும் குரோமியத்தில் 60 முதல் 70 விழுக்காடுதான் தோலில் ஏறுகிறது. எஞ்சியது கழிவோடு போகிறது.

வளர்ந்த நாடுகள் தங்கள் மண்ணில் சகித்துக்கொள்ள விரும்பாத அழுக்கான கட்டம் இங்கே நகர்ந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஐரோப்பாவின் கடைகளில் அழகாக அடுக்கப்பட்டிருக்கும் காலணிகளின் விலையில், பாலாற்றின் கிணறுகளுக்கான விலை ஒருபோதும் சேர்க்கப்படவில்லை.

இரண்டு வகைக் குரோமியம்

குரோமியம் என்றதும் எல்லாமே நஞ்சு என்று நினைப்பதும் தவறு. ஒன்றும் செய்யாது என்று தள்ளிவிடுவதும் தவறு. அது முக்கியமாக இரண்டு வடிவங்களில் காணப்படுகிறது.

முதலாவது, மூவிணைதிறக் குரோமியம். தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் சல்பேட்டில் இருப்பது இதுவே. இதன் நச்சுத்தன்மை ஒப்பீட்டளவில் குறைவு.

இரண்டாவது, அறுவிணைதிறக் குரோமியம். குரோமேட், டைகுரோமேட் உப்புகளில் இருப்பது இது. நீரில் எளிதில் கரையும், மண்ணுக்குள் வேகமாக நகரும், உடலின் உயிரணுக்களுக்குள் எளிதாகப் புகுந்துவிடும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இதனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மூச்சுவழி உள்ளே சென்றால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்பது தொழிலாளர்களிடம் உறுதி செய்யப்பட்டது. குடிநீரில் கலந்து எலிகளுக்குக் கொடுத்த அமெரிக்க அரசு ஆய்வில், வாயிலும் சிறுகுடலிலும் புற்றுக் கட்டிகள் தோன்றியது 2008-இல் வெளியானது.

அறுவிணைதிறக் குரோமியம் குடிநீரில் கலந்தால் என்ன ஆகும் என்பதை உலகுக்கு உணர்த்திய ஊர், அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்திலுள்ள ஹிங்க்லி. அங்கே ஓர் எரிவாயு நிறுவனம் 1952 முதல் 1966 வரை குளிரூட்டும் கோபுரங்களில் துருப்பிடிக்காமல் இருக்க இதைப் பயன்படுத்தி, கழிவைத் தளமிடாத குட்டைகளில் விட்டது. அது நிலத்தடி நீரில் இறங்கியிருப்பது 1987-இல்தான் வெளியே தெரிந்தது. 1996-இல் 33 கோடியே 30 இலட்சம் டாலர் கொடுத்து நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. பணம் கைமாறியது. ஆனால் நிலத்தடி நீரைத் தூய்மைப்படுத்தும் பணி அதன் பிறகும் பல ஆண்டுகள் நீண்டது.

இராணிப்பேட்டையில் தேங்கிய மலை

நம் மாநிலத்தில் இந்த ஆபத்தின் பெயர் இராணிப்பேட்டை. அங்கு இயங்கிய தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்ற ஆலை, தோல் தொழிலுக்கும் பிற தொழில்களுக்கும் வேண்டிய குரோமிய உப்புகளைத் தயாரித்தது. 1990-களின் நடுவில் ஆலை மூடப்பட்டது. ஆனால் ஒன்றரை இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு திறந்தவெளியில் மலைபோல் கிடந்தது. ஒவ்வொரு மழைக்கும் அதிலிருந்து மஞ்சள் நீர் கசிந்து சுற்றிலும் பரவியது. 2006-இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட உலகின் மிக மாசுபட்ட 10 இடங்களின் பட்டியலில், செர்னோபிலோடு சேர்த்து இராணிப்பேட்டையின் பெயரும் இருந்தது.

2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளை மதிப்பிட்டபோது, வேலூர் வட ஆற்காடு பகுதிக்கு 81.79 புள்ளிகள் கிடைத்தன. 70-ஐத் தாண்டினாலே மிகக் கடுமையாக மாசடைந்த பகுதி என்று பொருள்.

2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட்டில், தோல் கழிவுகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. அருகிலிருந்த ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது கசடு பாய்ந்ததில் 10 பேர் உயிரிழந்தார்கள். பெரும்பாலோர் பிழைப்புத் தேடி மேற்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள். கழிவு ஆற்றுக்குப் போகாமல் தொட்டியில் அடைபட்டாலும், அதைப் பொறுப்போடு கையாளாவிட்டால் உயிரைக் குடிக்கும் என்பதற்கு அந்த இரவு சாட்சி.

உடலில் ஏற்படும் பாதிப்புகள்

தொழிற்சாலைக் கழிவு கலந்த தண்ணீரால் வரும் கேடுகளைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

உப்பு: கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைத்தான் டி.டி.எஸ். என்கிறோம். அளவு கூடினால் தண்ணீர் கரிக்கும், தாகம் அடங்காது. சோடியம் மிகுந்த நீரைத் தொடர்ந்து குடிப்பது இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நல்லதல்ல. சல்பேட் மிகுந்தால் வயிற்றுப்போக்கு ஏற்படும்.

குரோமியம்: தோலில் அரிப்பு, ஒவ்வாமைப் புண்கள் உண்டாகும். குரோமேட் தூசியிலும் ஆவியிலும் வேலை செய்வோருக்கு மூக்கின் நடுச்சுவரில் துளை விழுவதுண்டு. அறுவிணைதிறக் குரோமியம் அதிக அளவில் உள்ளே சென்றால் வயிறு, கல்லீரல், சிறுநீரகம் ஆகியவை பாதிக்கப்படும்.

நைட்ரேட்: கழிவிலும் சாக்கடையிலும் உரத்திலும் இருந்து வருவது. இது மிகுந்த நீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கும்.

சல்பைடு: கழிவுத் தொட்டிகளில் அமிலத்தோடு சேரும்போது ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்புகிறது. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் இந்த வாயு அடர்த்தியாக இருந்தால் மூக்கின் முகரும் திறனையே மழுங்கடித்து, சில நிமிடங்களில் உயிரைப் பறித்துவிடும். தொட்டியில் இறங்கிய ஒருவரைக் காப்பாற்ற அடுத்தவர் இறங்கி, இருவரும் பலியாவது இதனால்தான்.

இங்கே ஒன்றை மனதில் கொள்ள வேண்டும். ஒருவருக்கு வந்த சிறுநீரகக் கோளாறையோ புற்றுநோயையோ காட்டி, இது தண்ணீரால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல மருத்துவரால் முடியாது. உணவு, புகை, பரம்பரை என்று பல காரணங்கள் இருக்கும். அதனாலேயே இந்தப் பாதிப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. ஆலை வெடித்தால் நாடே பேசும். இருபது ஆண்டுகள் மெதுவாக உடலில் ஏறும் நஞ்சைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தனி மனிதரிடம் நிரூபிக்க முடியாதது என்பதற்காக அது இல்லை என்று ஆகிவிடாது. தண்ணீரைச் சோதித்து அளவு மீறியிருந்தால், நோய் வரும்வரை காத்திராமல் நடவடிக்கை எடுப்பதே அறிவுடைமை.

சட்டம் என்ன சொன்னது?

ஆறு முதலிய நீர்நிலைகளிலிருந்து 1 கிலோமீட்டர் தூரத்துக்குள் கடுமையாக மாசுபடுத்தும் தொழில்களுக்கு அனுமதியில்லை என்று தமிழக அரசு 1989 மார்ச் 30 அன்று அரசாணை எண் 213-ஐ வெளியிட்டது. ஆயினும் கழிவு நிற்கவில்லை.

1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தோல் தொழில் பகுதியில் 35 ஆயிரம் ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டது என்பது அதில் பதிவாகியுள்ளது. தோல் தொழில் நடக்கும் இன்னொரு பகுதியான திண்டுக்கல் வட்டாரத்தில் 13 கிராமங்களில் எடுத்த கணக்கெடுப்பும் அதில் இடம்பெற்றது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன.

அந்தத் தீர்ப்பு இரண்டு கோட்பாடுகளை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. ஒன்று, தீங்கு வருமென்று முழு அறிவியல் உறுதி கிடைக்கும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும். மற்றொன்று, மாசுபடுத்தியவரே இழப்பீட்டையும் சூழலைச் சீரமைக்கும் செலவையும் ஏற்க வேண்டும். ஐந்து மாவட்டங்களில் இருந்த தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10 ஆயிரம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. இழப்பைக் கணக்கிடத் தனி ஆணையம் அமைக்கவும் உத்தரவானது.

அந்த ஆணையம் 2001 மார்ச்சில் 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. சராசரியாகப் பார்த்தால் ஒருவருக்கு 9 ஆயிரத்துச் சொச்சம். நிலமும் கிணறும் போனவருக்கு அது எம்மாத்திரம்?

வழக்கு அத்துடன் முடியவில்லை. 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் ஆகியோர் அடங்கிய அமர்வு மீண்டும் ஒரு விரிவான தீர்ப்பு தந்தது. இழப்பீடு இதுவரை கிடைக்காதவர்களுக்கு அரசு ஆறு வாரங்களுக்குள் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்றது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் கண்காணிப்புக் குழு அமைக்கவும் ஆணையிட்டது. வழக்குத் தொடுத்து 34 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்நாளில் பிறந்த குழந்தைக்கு இன்று பிள்ளைகள் இருப்பார்கள்.

சுத்திகரிப்பு நிலையங்கள் வந்த பிறகு

இத்தகைய வழக்குகளின் அழுத்தத்தால் 1990-களில் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை, மேல்விஷாரம் முதலிய இடங்களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. 1948 முதல் சென்னையில் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், குரோமியத்தைக் கழிவிலிருந்து மீட்டு மீண்டும் பயன்படுத்தும் முறைகளையும் உப்பைக் குறைக்கும் வழிகளையும் உருவாக்கித் தந்தது. பின்னர் சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கும் கலன்களும் சேர்ந்து, கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியேற்றாத முறை கட்டாயமானது. நொய்யல் ஆற்றை நாசமாக்கிய திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் மூட உத்தரவிட்டதும் இந்த முறையை நிறைவேற்றாததால்தான்.

நேர்மையாக முதலீடு செய்து, இந்த முறையைச் சரிவர நடத்தும் தொழிலதிபர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பாராட்ட வேண்டும். மின்கட்டணத்தை மிச்சப்படுத்த இரவில் கழிவைத் திறந்துவிடுபவர்களும், மழை வெள்ளம் வரும் நாளுக்காகக் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதும் ஊரறிந்தது. ஆற்றில் வெள்ளம் வரும்போதெல்லாம் நுரை பொங்குவதைக் கரையோர மக்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒருவர் செய்யும் இந்தத் தவறு, ஒழுங்காக நடப்பவருக்குத் தொழிலில் நட்டத்தையும் ஊருக்குக் கெட்ட பெயரையும் சேர்த்தே கொடுக்கிறது.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் சோதியுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் செலுத்தித் தண்ணீரைச் சோதிக்கலாம். அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகங்களும் உண்டு. தொழிற்பகுதியில் இருப்பவர்கள் வழக்கமான சோதனையோடு குரோமியம் முதலிய உலோகங்களையும் சோதிக்க வேண்டுமெனத் தனியாகக் கேட்க வேண்டும். உலோகச் சோதனைக்கான பாட்டிலை ஆய்வகத்திலேயே வாங்கிக்கொள்வது நல்லது. மோட்டாரைச் சில நிமிடங்கள் ஓடவிட்ட பிறகு தண்ணீரைப் பிடியுங்கள்.

அறிக்கை வந்ததும் இந்திய தர நிர்ணய அளவுகளோடு ஒப்பிடுங்கள். ஒரு லிட்டரில் இருக்கலாம் என்று ஏற்கப்பட்ட அளவுகள் இவை:

டி.டி.எஸ்.: 500 மில்லிகிராம். வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை.
குளோரைடு: 250 மில்லிகிராம். வேறு வழியில்லையெனில் 1,000 வரை.
சல்பேட்: 200 மில்லிகிராம். வேறு வழியில்லையெனில் 400 வரை.
நைட்ரேட்: 45 மில்லிகிராம். இதில் தளர்வு கிடையாது.
மொத்தக் குரோமியம்: 0.05 மில்லிகிராம். இதிலும் தளர்வு கிடையாது.
ஈயம்: 0.01 மில்லிகிராம். தளர்வு கிடையாது.

கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது பரவலான எண்ணம். கொதிக்க வைத்தால் கிருமிகள்தான் சாகும். உப்பும் உலோகமும் போகாது. நீர் ஆவியாவதால் அவற்றின் அடர்த்தி சற்றுக் கூடவே செய்யும். சாதாரண மெழுகுவர்த்தி வடிகட்டியும் துணி வடிகட்டியும் இவற்றுக்கு உதவாது.

ஆர்.ஓ. இயந்திரம் கரைந்த உப்பையும் பெரும்பாலான உலோகங்களையும் குறைக்கும். ஆனால் சவ்வை உரிய காலத்தில் மாற்ற வேண்டும். அது ஒதுக்கித் தள்ளும் நீரில் உப்பும் உலோகமும் செறிந்திருக்கும். அதைச் சமையலுக்கோ செடிகளுக்கோ பயன்படுத்த வேண்டாம். கடைகளில் கிடைக்கும் சிறிய டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பை மட்டுமே காட்டும். அது குறைவாகக் காட்டுவதால் குரோமியம் இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது.

காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் ஊர்களில் குடிக்கவும் சமைக்கவும் குழந்தைக்குப் பால்மாவு கரைக்கவும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். போர்வெல் தண்ணீரைத் துணி துவைப்பது, தரை கழுவுவது போன்றவற்றுக்கு ஒதுக்குங்கள். மழைநீரைச் சேமித்து முறையாக வடிகட்டிப் பயன்படுத்துவது நல்ல மாற்று.

மார்க்கம் காட்டும் வழி

உயிருள்ள அனைத்தையும் நீரிலிருந்தே உண்டாக்கியதாக அல்லாஹ் திருமறையில் கூறுகிறான் (21:30). மனிதர்களின் கைகள் தேடிக்கொண்டவற்றால்தான் தரையிலும் கடலிலும் சீர்கேடு தோன்றியது என்றும் (30:41), சீர்திருத்தப்பட்ட பூமியில் குழப்பம் செய்யக் கூடாது என்றும் (7:56) எச்சரிக்கிறான்.

தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. மக்கள் நீர் எடுக்கும் துறைகளில் மலம் கழிப்பது சாபத்துக்குரிய செயல் என்று அபூதாவூதில் வரும் ஹதீஸ் உணர்த்துகிறது. ஒரு மனிதனின் சிறுநீருக்கே இவ்வளவு கண்டிப்பு என்றால், ஒரு தொழிற்சாலையின் கழிவு முழுவதையும் ஓர் ஊரின் நீரில் விடுவதை என்னவென்று சொல்வது? நீரும் புல்லும் நெருப்பும் மக்களுக்குப் பொதுவானவை என்ற நபிமொழியும், தீங்கு செய்வதும் பதிலுக்குத் தீங்கு செய்வதும் கூடாது என்ற நபிமொழியும் நாம் அறிந்தவையே. ஃபிக்ஹு நூல்கள் ஒரு கிணற்றுக்குச் சுற்றிலும் காப்பெல்லை வகுத்து, அதற்குள் வேறொருவர் அந்த நீருக்குக் கேடு வரும்படி எதையும் தோண்டவோ கட்டவோ கூடாது என்று பேசியிருக்கின்றன.

ஒரு நுணுக்கத்தையும் கவனிக்க வேண்டும். நீரின் நிறம், சுவை, மணம் ஆகியவை மாறியிருக்கிறதா என்று பார்க்கும் அளவுகோல், நஜீஸ் கலந்த நீர் சுத்தத்துக்கு ஏற்றதா என்பதை அறிவதற்கானது. குரோமியமும் ஈயமும் ஆபத்தான அளவில் இருந்தும்கூட நிறமோ மணமோ சுவையோ மாறாமல் இருக்கலாம். எனவே பார்க்கத் தெளிவாக இருக்கிறது என்பதைக் குடிப்பதற்கான சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. அதற்கு ஆய்வக அறிக்கைதான் தேவை.

தண்ணீர் கொடுப்பதன் சிறப்பை நாம் நன்கு அறிவோம். தம் தாயார் பேரில் எந்த தர்மம் செய்வது சிறந்தது என்று கேட்ட ஸஅத் பின் உபாதா (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் தண்ணீரையே சுட்டிக்காட்டினார்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் ரூமா கிணற்றை வாங்கி மக்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள். இந்த முன்மாதிரியில் நம் செல்வந்தர்கள் தெருத்தெருவாக ஆர்.ஓ. நிலையங்கள் அமைத்துக் கொடுக்கிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. ஆனால் ஊரின் கிணறுகளைக் கெடுத்தவர் அதே ஊருக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுப்பதால் கணக்கு நேராகிவிடாது. கெடுத்தது அடியார்களின் உரிமை. அது கடன். கடனைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் ஸதகா. இதைத் தொழிலதிபர்களிடம் அன்போடும் தயக்கமின்றியும் எடுத்துச் சொல்லும் பொறுப்பு நம் ஆலிம்களுக்கு இருக்கிறது.

ஜமாஅத்துகள் என்ன செய்யலாம்?

பள்ளிவாசல் ஹவுளுக்கும், நோன்புக் கஞ்சி காய்ச்சுவதற்கும், மதரஸா பிள்ளைகள் குடிப்பதற்கும் எந்தத் தண்ணீர் பயன்படுகிறது என்று முதலில் பாருங்கள். ஆண்டுக்கு இருமுறை, கோடையில் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையும் அதைச் சோதித்து, அறிக்கையைப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பல ஆண்டுகளின் அறிக்கைகள் சேர்ந்தால் அதுவே வலுவான ஆவணம்.

கழிவு திறந்துவிடப்படுவதைக் கண்டால் தேதி, நேரம், இடம் குறித்து, படம் எடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். ஆலைக்கு வழங்கிய இசைவாணையின் நிபந்தனைகளையும் ஆய்வு முடிவுகளையும் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறலாம். நடவடிக்கை இல்லையெனில் சென்னையிலுள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை அணுகலாம். இழப்பீடு கோர, அதற்கான காரணம் எழுந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் வரைதான் பொதுவாக அவகாசம். எனவே தாமதிக்கக் கூடாது.

தொழிலாளர்களின் பாதுகாப்பையும் ஜமாஅத் கேட்க வேண்டும். கையுறை, காலணி, முறையான மருத்துவப் பரிசோதனை கிடைக்கிறதா? வாயு சோதிக்காமல் யாரையும் தொட்டியில் இறக்குகிறார்களா? இறங்குபவர் நம் ஊர்க்காரராயினும் வெளிமாநிலத்தவராயினும், முஸ்லிமாயினும் மாற்று மதத்தவராயினும் அவருடைய உயிர் ஒன்றுதான்.

இப்படிக் கேட்கத் தொடங்கினால் தொழில் போய்விடும், பிள்ளைகளின் பிழைப்பு போய்விடும் என்ற அச்சம் எழும். அந்த அச்சத்தை அலட்சியப்படுத்த முடியாது. இந்தத் தொழிலை நம்பி எத்தனையோ குடும்பங்கள், காலணி ஆலைகளுக்குச் செல்லும் எத்தனையோ பெண்கள் வாழ்கிறார்கள். ஆனால் திருப்பூரில் கழிவை ஒழுங்குபடுத்தியதால் பின்னலாடைத் தொழில் அழிந்துவிடவில்லை. தொழிலை மூடச் சொல்வது இங்கே நோக்கமும் அல்ல. சம்பாதிக்கும் கூலியில் கால்பங்கு கேன் தண்ணீருக்கும் மருந்துக்கும் போனால் அந்தக் கூலி எவ்வளவு என்று கணக்குப் பார்க்கச் சொல்கிறோம்.

பாலாற்றுக்கரையின் மூத்தவர்களைக் கேட்டால், மணலைக் கையால் தோண்டி ஊற்றுநீர் குடித்த நாள்களைச் சொல்வார்கள். அந்த நீரை நமக்கு முந்தியவர்கள் தூய்மையாக விட்டுச் சென்றார்கள். அதை அமானிதமாகப் பெற்ற நாம், அடுத்த தலைமுறைக்கு எதை விட்டுச் செல்கிறோம் என்று நாளை மறுமையில் கேட்கப்படுவோம். ஹலாலான தொழிலை ஹலாலான முறையிலேயே நடத்தவும், பிறர் பருகும் நீரைக் காக்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.